மாரியாத்தாள் வெளியிட்ட திருத்தம்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மாரியாத்தாளை எல்லோருக்கும் இன்சூரன்ஸ் அக்காவாகத்தான் தெரியும். கணவர் சென்னிமலை லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரே மகள் பூங்கொடி. மாரியாத்தாள் கொடுமுடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் பிறந்து, பள்ளி இறுதி வரை படித்து, கல்யாணமாகி சிங்காநல்லூர் வந்தவர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் ஆனார்.

பாலிசி எடுக்க நிரப்பும் படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு பகுதி உண்டு. தகப்பனார் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில் எதனால் இறந்தார், தாயார், உடன்பிறந்தவர்கள். மற்ற ஏஜெண்டுகள் 'வயோதிகம்' என்று தாங்களே எழுதி முடித்துவிடுவார்கள். மாரியாத்தாள் கேட்டு எழுதுவார். மற்றதற்கெல்லாம் அவசரமாகப் பதில் சொல்லும் ஆட்கள் அந்த இடத்தில் நிதானமாவதை அவர் கவனித்தார். தோட்டத்துக்காரர்கள் ஏழு தலைமுறை ஆண்களின் பெயரைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "உங்க அப்பாரைப் பெத்தவங்க பேரு என்னங்க?" என்று கேட்டால் யோசிப்பார்கள்.

"ஆத்தான்னுதானுங்க கூப்புடுவோம். பேரு தெரீலீங்களே."

படிவத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது. பட்டறைக்கு வந்த பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் தன் வீட்டுப் பெண்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். யார் எந்த ஊரில் பிறந்து எந்த ஊருக்கு வாக்கப்பட்டார்கள் என்று கோடு போட்டார். சென்னிமலை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர்த்துக்கும் பாலிசி போட்டிருந்தா நாம பங்களா கட்டிருக்கலாம்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

1992இல் ஒரு வார இதழின் பேனா நண்பர் பகுதிக்கு மாரியாத்தாள் தன் முகவரியை அனுப்பினார். மற்றவர்கள் தபால்தலை, சினிமா, சமையல் குறிப்பு என்று எழுதியிருந்த இடத்தில் அவர், 'பொழுதுபோக்கு: முன்னோர் பெயர் சேகரித்தல்' என்று எழுதியிருந்தார். வந்த கடிதங்களில் பாதி கிண்டல். நின்றவர்கள் மூன்று பேர்.

ஒருவர் கோவிந்தராஜுலு. பீளமேட்டில் மில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வயரிங் படம் போட்ட கையால் வம்ச வரைபடம் போடுவார். எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். இன்னொருவர் அம்புஜம், கொடுமுடியில் பள்ளி ஆசிரியை. காவிரிக் கரையில் திதி கொடுக்க வருகிறவர்கள் மூன்று தலைமுறைப் பெயர் சொல்வதைக் காலை நடையில் காதில் வாங்கி வாங்கி அதில் பைத்தியமானவர். மூன்றாமவர் ரசாக். கோட்டைமேட்டில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. அவருடைய முன்னோர்கள் பாலக்காட்டுப் பக்கத்துக்கும் கோயம்புத்தூருக்கும் மாட்டு வண்டியில் போய்வந்துகொண்டிருந்தவர்கள். யார் எங்கே தங்கினார்கள், யாருக்கு யார் உறவு என்பதை ரசாக் இருபது வருடமாகத் தனியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

நான்கு பேரும் சேர்ந்து 'கிளை' என்று ஓர் இதழ் ஆரம்பித்தார்கள். இதழ் என்றால் பெரிய இதழ் இல்லை. ஆளுக்கு இரண்டு பக்கம், அவரவர் கையெழுத்திலேயே. அந்த மாதம் என்ன தேடினார்கள், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதுவார்கள். மாரியாத்தாள் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்புவார். கடைசிப் பக்கம் 'மறுமொழி'. வாசகர்கள் எழுதுவது அதில் வரும். முதலில் உறவுக்காரர்கள் மட்டும் வாங்கினார்கள். பிறகு தாராபுரம், கோபி, திருப்பூர் என்று பரவி அறுபது பேருக்குப் போயிற்று. பிலாயில் இரும்பாலையில் வேலை பார்த்த ஒருவர் ஒவ்வொரு இதழுக்கும் தவறாமல் எழுதுவார். அவருக்குத் தன் வம்சத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மற்றவர்களுடையதைப் படிப்பதே போதும் என்பார்.

சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ரசாக் வீடு என்றால் எல்லோரும் தவறாமல் வருவார்கள். அவர் மனைவி உம்மல் குல்சும் சமையல் அப்படி. கோவிந்தராஜுலு தன் வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைப்பார். ஒருமுறை ரசாக் தன் பாட்டனாருக்கு இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். கோவிந்தராஜுலு பென்சிலால் இரண்டாவது கோடு இழுத்தார்.

"மெத்தைக்காரங்க வம்சம் வேற எப்படி இருக்குமுங்க," என்றார் உம்மல் குல்சும், உள்ளே இருந்தபடியே. ரசாக் அதையும் அந்த மாத இதழில் எழுதினார். அதற்கு வந்த மறுமொழிகள் பக்கம் கொள்ளவில்லை.

மாரியாத்தாளின் தேடலில் ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவருடைய அப்பாவுக்கு, அய்யன் கருப்பண்ணனுக்கு, ஒரு தம்பி. பெயர் அப்புசாமி. மாரியாத்தாள் பிறப்பதற்கு முன்பே, பதினாறு பதினேழு வயதில், வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. அய்யன் அதைப்பற்றிப் பேசமாட்டார். மாரியாத்தாளுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அய்யன் 1983இல் இறந்தபின் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

பூங்கொடிக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வந்தபோது இது பெரிதாகத் தெரிந்தது. மகளுக்குக் கல்யாணம் செய்வதற்கு முன் தாய்க்கு எழுதிங்கள் சீர் செய்ய வேண்டும். பிறந்த வீட்டார் வந்து செய்கிற சீர் அது. ஒன்றுவிட்ட உறவில் யாரையாவது கூப்பிட்டுச் செய்துகொள்ளலாம், செய்துகொண்டவர்கள் உண்டு. ஆனாலும் மாரியாத்தாள் 1995இல் 'கிளை'யில் சின்னய்யனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். பெயர், கூட்டம் என்று சொல்லும் குலப்பிரிவு, குலதெய்வம், கொடுமுடிக்குப் பக்கத்து ஊர், போன காலம். தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதமே சோமனூரிலிருந்து ஒருவர் மனைவியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். தறிக்கூடம் வைத்திருக்கும் தம்பிதுரை என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பாவு நூல் கொண்டுவரும் வியாபாரி ஒருவர் 'கிளை' படிப்பவர். அவர் கொடுத்துப் படித்தாராம்.

"எங்கய்யன் பேரும் அப்புசாமிதானுங்க. கொடுமுடிப் பக்கம்னு மட்டும் சொல்லுவாரு. கூட்டம் நீங்க எழுதுன அதே கூட்டந்தான். சின்ன வயசுலயே சோமனூருக்குத் தறிவேலைக்கு வந்துட்டாரு. ஊரு பேரைக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. எண்பத்தொண்ணுல தவறிட்டாருங்க."

மாரியாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தார். அய்யனின் நெற்றி போலத் தெரிந்தது. "வேற ஏதாச்சும் சொல்லுவாருங்களா?"

"ஒரு தங்கச்சி இருக்குதும்பாருங்க. குடிச்சா மட்டும். அப்புறம் கையில முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்த தழும்பு இருந்துச்சு."

அய்யனுக்குத் தங்கை கிடையாது. இரண்டே ஆண் பிள்ளைகள். மாரியாத்தாளுக்கு அது உடனே நினைவுக்கு வந்தது. சித்தப்பன் மகள் யாரையாவது தங்கச்சி என்று சொல்லியிருப்பார் என்று அடுத்த கணமே சமாதானமும் வந்தது. தழும்பு சோமனூருக்கு வந்தபின் பட்டதாக இருக்கும். கோவிந்தராஜுலு மட்டும், "பேரு, கூட்டம், திசை. மூணும் பொதுங்க. தனியா ஒண்ணும் ஒத்துவரலியே," என்றார். அம்புஜம் அவரை அடக்கினார். ரசாக் இனிப்பு வாங்கி வந்தார்.

'கிளை'யின் அடுத்த மூன்று இதழ்களும் இதைப் பற்றித்தான். இதழ் தொடங்கியதிலிருந்து தேடிய ஒருவர் உண்மையிலேயே கிடைத்தது அதுதான் முதல் தடவை. பிலாய்க்காரர் தந்தியே அடித்தார். தம்பிதுரை குடும்பத்தோடு கொடுமுடிப் பக்கத்து ஊருக்குப் போய், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து, கடைக்குட்டி மகனுக்கு அங்கே முடியெடுத்தார். அய்யனின் பழைய வீடு இருந்த இடத்தில், இப்போது வேறொருவர் மஞ்சள் போட்டிருந்த காட்டில், ஒரு பிடி மண் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

1996 வைகாசியில் எழுதிங்கள் சீரைத் தம்பிதுரை செய்தார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவரே அக்கா தலையில் போட்டார். அந்தச் சேலையை மாரியாத்தாள் பூங்கொடி கல்யாணத்துக்கும் உடுத்தினார். அதன்பிறகு சோமனூரில் ஒரு நோன்பு, பண்டிகை என்றால் அக்காவுக்குச் சொல்லாமல் நடக்காது. மாரியாத்தாள் போனால் தம்பிதுரையின் மனைவி முதலில் கேட்பது, "இருந்துட்டுப் போவீங்களா, உடனே கெளம்போணுங்களா?" என்பதுதான். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

1998 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன. அதற்கு முன்பும் பின்பும் நகரத்தில் நடந்த கலவரம் எல்லோரும் அறிந்ததே. ரசாக் கடையைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருந்த தூரத்து உறவினர் வீட்டுக்குப் போனார். 'கிளை' சில மாதங்கள் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் மாரியாத்தாளிடம், "அந்த பாய் இனியும் வருவாருங்களா?" என்று கேட்டார்கள். "வருவாருங்க," என்று மட்டும் சொன்னார்.

ரசாக்குக்குக் கொழிஞ்சாம்பாறையில் செய்ய வேலை இல்லை. அதனால் தேடலில் இறங்கினார். அந்தப் பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தன் அத்தாவின் குடும்பம் வண்டி நிறுத்திய இடங்களை விசாரித்துக்கொண்டு போனபோது, ஒரு வெற்றிலைப் பாக்குக் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சில் கொங்குத் தமிழ் கேட்டது. எந்த ஊர் என்று கேட்டார். கொடுமுடிப் பக்கம் என்றார் பெரியவர். பெயர் அப்புசாமி.

ரசாக் இதை மாரியாத்தாளுக்கு எழுதவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசவும் இல்லை. ஊர் அடங்கி அவர் கடை திறக்கத் திரும்பிய அன்றே நேராகச் சிங்காநல்லூர் வந்தார்.

"அக்கா, நான் சொல்றதைக் கேட்டுட்டு கோவிச்சுக்காதீங்க. அங்க ஒரு அப்புசாமி உசுரோட இருக்காருங்க. உங்கூரு பேரைச் சொல்றாரு."

"கொடுமுடிப் பக்கம் அப்புசாமின்னா நூறு பேரு இருப்பாங்க ரசாக்கு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அவரா ஒண்ணு கேட்டாருங்க. 'கருப்பண்ணன் மகள்னு சொல்றியே, அவளோட அய்யனுக்குப் பேசறப்பத் திக்குமான்னு கேளு. பாடுனா திக்காது'ன்னாரு."

மாரியாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்தார். அய்யனுக்குத் திக்குவாய். அதனால் வெளியாட்களிடம் அவர் அதிகம் பேசியதே இல்லை. ஆனால் கும்மிப்பாட்டு எடுத்தால் ஊர் நின்று கேட்கும். மாரியாத்தாள் 'கிளை'யில் அய்யனைப் பற்றி நிறைய எழுதியிருந்தார். திக்குவதை மட்டும் ஒருபோதும் எழுதியதில்லை.

அந்த வாரமே சென்னிமலையும் அவரும் ரசாக்கோடு கொழிஞ்சாம்பாறை போனார்கள். பெரியவர் கடையில்தான் இருந்தார். மெலிந்த ஆள், வெள்ளைக் கைலி. கைகளில் தழும்பு ஏதும் இல்லை. மாரியாத்தாளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எங்கண்ணன் இருக்கானா?"

"இல்லீங்க சின்னய்யா. எண்பத்து மூணுல போயிட்டாரு."

"சரி."

வெற்றிலையை நீவி அடுக்கினார். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பீடிக்கட்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு, "நீ எத்தனாவது?" என்றார்.

"நான் ஒருத்திதானுங்க."

"நீங்க ஏனுங்க போனீங்க?" என்று சென்னிமலை கேட்டுவிட்டார்.

பெரியவர் சிரித்தார். பல் இல்லை. "பெரிய காரணமெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. கண்ணபுரம் சந்தைக்குப் போனேன். மாடு ஓட்டிட்டு மேக்க போறவனுங்க கூட நடந்தேன். திரும்போணும்னு தோணல. ஒரு வருசம் போனப்புறம் திரும்பறதுக்கு வெக்கமாப் போச்சு. அவ்வளவுதான்."

அவருடைய மனைவி மலையாளக்காரர், இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மகன் லாரி ஓட்டினார். அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்ததே அவருக்குப் புதிது. வந்தவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். மாரியாத்தாள் ஊருக்கு ஒருமுறை வரச் சொல்லிக் கூப்பிட்டார். "அங்க இனி எனக்கென்ன கண்ணு இருக்குது," என்றார் பெரியவர். கோபமோ துக்கமோ அதில் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது மாரியாத்தாள் அழவில்லை. வாளையாறு தாண்டியதும், "தம்பிதுரைகிட்ட என்னன்னு சொல்றது," என்றார்.

அடுத்த கூட்டம் கோவிந்தராஜுலு வீட்டில் நடந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்படும் மனிதர் இந்தமுறை வேறு பக்கம் நின்றார்.

"எதுக்கு இதையெல்லாம் எழுதிக்கிட்டு? நமக்குள்ள தெரிஞ்சாப் போதும். அந்தப் பையன் சந்தோசமா இருக்கறான். விட்டுருங்க."

"நாஞ் சும்மா இருந்திருக்கோணும்," என்றார் ரசாக்.

"நீங்க சும்மா இருந்திருந்தா நான் எங்க சின்னய்யனைப் பாத்திருக்க முடியாது," என்றார் மாரியாத்தாள். "அறுபது பேர்த்துக்குத் தப்பாச் சொல்லிப்போட்டமுங்க. அறுபது பேர்த்துக்கும் திருத்திச் சொல்லித்தான் ஆவோணும். ஆனா முதல்ல தம்பிதுரைகிட்டச் சொல்றேன்."

தனியாகத்தான் போனார். சோமனூரில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பிதுரை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினாலும் சத்தம் கேட்டது. மாரியாத்தாள் ஒன்றும் விடாமல் சொன்னார். தங்கச்சி விஷயம் அன்றே இடித்தது, நான்தான் அதை ஒதுக்கிவிட்டேன் என்பதையும் சொன்னார். தம்பிதுரையின் மனைவி டீ டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

தம்பிதுரை சத்தம் போடவில்லை.

"எங்கய்யனுக்கு ஊரே இல்லாம நாங்க நாப்பது வருசம் இருந்தோமுங்க. அது எங்களுக்கு ஒரு கொறையாவே தெரிஞ்சதில்ல. நீங்கதான் ஊரு ஒண்ணு குடுத்தீங்க. அங்க போயிப் பொங்கல் வெச்சோம். எம்பையனுக்கு முடியெறக்குனோம். இப்ப அது உங்களுதில்லைங்கறீங்க. இனி நாங்க என்ன பண்ணோணும், சொல்லுங்க."

மாரியாத்தாள் டீயை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பும் வழக்கம் உள்ள தம்பிதுரை அன்று உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

சீர் செல்லுமா என்ற பேச்சும் எழுந்தது. கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் ஒருவரிடம் சென்னிமலை போய்க் கேட்டார். "ஒரே கூட்டம்தானுங்களே, பங்காளிதான். சீரெல்லாம் செல்லும்," என்றார் அவர். சென்னிமலைக்கு நிம்மதியாயிற்று. மாரியாத்தாள், "நான் அதுக்காகக் கவலைப்படலீங்க," என்றார்.

திருத்தம் அந்த ஆடி மாத இதழில் முதல் பக்கத்தில் வந்தது. மாரியாத்தாள் ஐந்து முறை எழுதிக் கிழித்துப் போட்டு ஆறாவதாக எழுதியது: "சோமனூர் அப்புசாமி அவர்கள் என் சின்னய்யன் என்று நான் எழுதியது தவறு. பெயரும் கூட்டமும் ஒத்துப்போனதை வைத்து, ஒத்துப்போகாதவற்றைப் பார்க்காமல் விட்டேன். என் சின்னய்யன் வேறு ஊரில் உயிரோடு இருக்கிறார். சோமனூர் அப்புசாமி அவர்களின் குடும்பத்தாருக்கு என்னால் நேர்ந்த வருத்தத்துக்கு மன்னிப்பு. அவருக்குத் தங்கை ஒருவர் உண்டு. கையில் வெந்த தழும்பு உண்டு. அவர் எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்."

இதழ் தொடங்கிய நாளிலிருந்து அத்தனை மறுமொழி வந்ததில்லை. இரண்டு பேர் இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதினார்கள். மற்றவர்கள் தங்கள் தவறுகளை எழுதினார்கள். கோபிக்காரர் ஒருவர் பத்து வருடமாக வேறு யாரோ ஒருவருடைய கொள்ளுப்பாட்டனுக்குத் திதி கொடுத்து வந்திருக்கிறார். தாராபுரத்து அம்மாள் ஒருவர் தான் ஜமீன் வம்சம் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிலாய்க்காரர், "இப்போதுதான் எனக்கு இந்த இதழின் மேல் நம்பிக்கை வந்திருக்கிறது," என்று எழுதினார். அடுத்த இதழ் முழுக்க மறுமொழிதான். கோவிந்தராஜுலு கூட, தன் வரைபடத்தில் ஒரு பாட்டியை இரண்டு இடத்தில் போட்டிருந்ததை ஒப்புக்கொண்டார்.

சோமனூரிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை.

அதன்பிறகு அரை வருடத்துக்கு மேல் மாரியாத்தாள் தன் குடும்பத்தைத் தேடவில்லை. இதழில் தன் இரண்டு பக்கங்களிலும் தம்பிதுரையின் அப்பாவைத்தான் தேடினார். கொடுமுடியைச் சுற்றி அதே கூட்டத்தார் இருக்கும் ஊர்களை அம்புஜமும் அவரும் பிரித்துக்கொண்டார்கள். வெந்த தழும்பு என்றவுடன் அம்புஜத்துக்குக் கரும்பாலை நினைவு வந்தது. அந்தப் பக்கம் கரும்புக் காடு. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கை வைத்து வெந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். மாரியாத்தாள் பாலிசி விஷயமாக ஒரு ஆலைக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில், வழக்கம்போல் குடும்பம் விசாரித்தபோது, அந்த வீட்டு அம்மாள் சொன்னார்:

"எங்க மாமியாருக்கு ஒரு அண்ணன் இருந்தாருங்க. கொப்பரையைச் சாச்சுப் போட்டு, ஒரு பாகும் மண்ணுல போச்சு, கையும் வெந்துபோச்சு. அய்யன் அடிப்பாருன்னு பயந்து ஓடுனவருதான். பேரு அப்புசாமியோ என்னமோ. மாமியாரைக் கேட்டாத் தெரியும்."

மாமியார் பெயர் பாவாத்தாள். எழுபதை நெருங்கியவர், வாய்க்கால் ஓரம் இன்னொரு மகன் வீட்டில் இருந்தார். மாரியாத்தாள் இந்தமுறை அவசரப்படவில்லை. தழும்பு எந்தக் கையில் என்று முதலில் பாவாத்தாளிடமே கேட்டார். இடது கை என்றார். பொடனியில், பின்கழுத்தில், மச்சம் உண்டு என்றார். இடது கைதானா, மச்சம் இருந்ததா என்று கேட்டுவரச் சோமனூருக்குத் தான் போகாமல் ரசாக்கை அனுப்பினார். தம்பிதுரை ரசாக்கிடம், "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டாராம். பிறகு பதில் சொன்னாராம். இடது கை. மச்சம் உண்டு, அப்பாவுக்குத் தலை சீவிவிடும்போது அம்மா அதைத் தொட்டுச் சிரிப்பார்.

1999 மாசியில் தம்பிதுரை வந்தார். மாரியாத்தாள், அம்புஜம், ரசாக் மூவரும் வாய்க்கால் வீட்டில் இருந்தார்கள். பாவாத்தாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தம்பிதுரை எதிரில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்கொப்பன் வெல்லந் திம்பானா?" என்று கேட்டார் பாவாத்தாள்.

"ஊட்டுக்குள்ளயே விடமாட்டாருங்க அத்தை. பொங்கலுக்குக் கூடச் சக்கரைதான். எங்கம்மா எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்துச்சு."

பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. "அன்னிக்கு நாந்தான் அவனைக் கூப்புட்டேன்," என்றார். "வேடிக்கை பாக்கறதுக்கு என்னையத் தூக்கிக் காட்டுடான்னேன். திரும்புனான், கொப்பரை சாஞ்சுபோச்சு. அய்யன்கிட்ட நாஞ் சொல்லவே இல்லை."

தம்பிதுரை அப்போதுதான் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் அப்பா தன்னைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று பாவாத்தாள் கேட்டார். "குடிச்சா, பாவா என்ன பண்ணுதோன்னு சொல்லுவாருங்க. பாவம் பாவம்னு ஏதோ பொலம்பறாருன்னு நெனச்சுட்டிருந்தோம்," என்றார் தம்பிதுரை.

அன்று அவர் அங்கேயே தங்கினார். மாரியாத்தாளும் மற்றவர்களும் சாயங்கால பஸ்ஸில் திரும்பினார்கள். ரசாக் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். மாரியாத்தாள் ஈரோடு வரை தூங்கிவிட்டார்.

அடுத்த இதழுக்குத் தம்பிதுரையிடமிருந்து இரண்டு பக்கம் வந்தது. அவர் எழுதிய முதல் கட்டுரை. அப்பாவைப் பற்றி, கொப்பரையைப் பற்றி, அத்தையைப் பற்றி. அதில் ஓரிடத்தில், 'கிளை ஆசிரியர் திருமதி மாரியாத்தாள் அவர்கள்' என்று இருந்தது. மாரியாத்தாள் அதை இரண்டு முறை படித்தார். எழுத்துப்பிழைகளைத் திருத்தி, அந்த வரியை அப்படியே விட்டு ஜெராக்ஸுக்குக் கொடுத்தார்.

அந்த வருடக் கடைசியில் ரசாக் வீட்டில் கூட்டம் நடந்தபோது தம்பிதுரையும் வந்தார். உம்மல் குல்சும் பரிமாறியதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கோவிந்தராஜுலு புதிய வரைபடத்தை விரித்திருந்தார். சோமனூர்க் குடும்பம் ஒரு பக்கம், மாரியாத்தாள் குடும்பம் இன்னொரு பக்கம், நடுவில் வெள்ளைத் தாள்.

"இது ரெண்டையும் சேக்க முடியாதுங்களா?" என்று தம்பிதுரை கேட்டார்.

"எதை வெச்சுச் சேக்கறது?" என்றார் கோவிந்தராஜுலு. "ஒரே கூட்டம்னா எங்கயோ மேல ஒரு பாட்டன் பொதுவா இருக்கோணும். அவரு யாருன்னு தெரியாம நான் கோடு போடமாட்டேன். ஒருக்காப் பட்டதே போதும்."

"அப்ப மேல போயிப் பாக்கலாமுங்க," என்றார் தம்பிதுரை. மாரியாத்தாள் பக்கம் திரும்பினார். "உங்க பக்கம் எத்தனை தலைமுறை வரைக்கும் தெரியுமுங்க அக்கா?"

"ஆம்பளைங்க ஏழு. பொம்பளைங்க நாலு."

"எங்களுது அத்தை சொன்னதோட அஞ்சு."

அம்புஜம் பேனாவை எடுத்தார். ரசாக் டம்ளர்களை நகர்த்தி வைத்தார். அந்தப் பொதுப் பாட்டனை அவர்கள் அன்று கண்டுபிடிக்கவில்லை. அடுத்த வருடத்து இதழ்களிலும் அவர் பெயர் வரவில்லை.